தசைப் பிடிப்பு மாத்திரை: அறிந்து உண்போம்

உடலுழைப்பை நம்பி வாழும் மக்களுக்கு முதுகும் தோளும் முழங்காலும் முதலீடு போன்றவை. ரவாங், பத்தாங் காலி, பெஸ்தாரி ஜெயா, கோலசிலாங்கூர் வட்டாரங்களில் பல தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவிட்ட இந்நாளிலும், பால்மரம் சீவும் தொழிலாளர் இன்னும் இருக்கின்றனர். விடியுமுன் எழுந்து, மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்ந்து, உளி பிடித்த கையை ஒரே பாங்கில் இழுத்து, பின்னர் பால் வாளியைச் சுமந்து நடப்பவருக்குத் தசைப் பிடிப்பு புதியதன்று. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பவரைக் கண்டதும் அண்டை வீட்டார் அன்போடு ஒரு மாத்திரையை எடுத்து நீட்டுவதும் தோட்டங்களில் நாம் காணும் வழக்கமே. அந்த அன்பு போற்றத்தக்கது. ஆனால் அந்த மாத்திரை எத்தகையது என்பதை அறியாமல் விழுங்குவது ஆபத்தானது. ஆகவே, இம்மருந்தைப் பற்றிச் சில செய்திகளை இங்கே விளக்க முற்படுகின்றோம்.

மருந்து செய்யும் வேலை

அளவுக்கு மீறி இழுபட்ட தசை, மேலும் சேதமடையாதபடி தன்னைத் தானே இறுக்கிக் கொள்கிறது. அந்த இறுக்கமே நாம் பிடிப்பு என்று சொல்வது. தசைத் தளர்வு மாத்திரை நேரே இடுப்புக்குச் சென்று தசையை அவிழ்த்துவிடுகிறது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. இம்மாத்திரைகளில் பெரும்பாலானவை மூளையிலும் தண்டுவடத்திலும் வேலை செய்து, அங்கிருந்து தசைக்குச் செல்லும் கட்டளைகளைத் தணிக்கின்றன. மூளை தணியும்போது தூக்கமும் தலைச்சுற்றலும் வருவது இயல்பு. இந்த ஒன்றை நினைவில் வைத்தால், பின்னால் கூறப்படும் எச்சரிக்கைகள் அனைத்தின் காரணமும் எளிதில் விளங்கும்.

நம் நாட்டு மருந்தகங்களில் அதிகமாகக் காணப்படுவது ஆர்ஃபெனட்ரின் என்னும் மருந்து. நார்ஜெசிக், அனாரெக்ஸ் போன்ற மாத்திரைகளில் இது 35 மில்லிகிராமும், அதனுடன் பாராசிட்டமோல் 450 மில்லிகிராமும் சேர்ந்திருக்கின்றன. எப்பெரிசோன், டிசானிடின், பாக்லோஃபென் என்பனவும் மருத்துவர் தேவையறிந்து கொடுப்பவை. இவை ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. பாக்லோஃபென் பெரும்பாலும் பக்கவாதம், தண்டுவடக் காயம் ஆகியவற்றால் விறைத்த தசைக்குத் தரப்படுவது. அதனை நெடுநாள் உண்டவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர் உடலில் அது தேங்கி மயக்கத்தில் ஆழ்த்தும். ஒருவர்க்கு எழுதிக் கொடுத்ததை மற்றவர் உண்ணலாகாது என்பதற்கு இதுவே தக்க சான்று.

கணக்கில் வரும் ஆபத்து

ஆர்ஃபெனட்ரின் கலந்த மாத்திரையை ஒருவர் வேளைக்கு 2 வீதம், நாளைக்கு 3 வேளை உண்பதாகக் கொள்வோம். அப்பொழுதே அவர் உடலில் 2,700 மில்லிகிராம் பாராசிட்டமோல் சேர்ந்துவிடுகிறது. வலி தீரவில்லையென்று அவர் 500 மில்லிகிராம் பெனடோல் மாத்திரையையும் அதே போல் 2 வீதம் 3 வேளை உண்டால், மேலும் 3,000 சேரும். மொத்தம் 5,700. பெரியவர் ஒருவர் ஒரு நாளில் உண்ணத்தக்க உச்ச அளவோ 4,000 மில்லிகிராம். இரண்டும் வேறு வேறு மாத்திரை என்று அவர் நினைக்கின்றார். கல்லீரலுக்கோ இரண்டும் ஒன்றே. ஈரல் கெடுவது முதலிரு நாள்களில் வெளியே தெரியாது என்பதுதான் இதில் கொடியது. மது அருந்தும் பழக்கமுடையவர்க்கு இவ்வாபத்து இன்னும் அதிகம்.

தூக்கம் வரும் வேலைநேரம்

தோட்டத்து வேலை இருட்டிலேயே தொடங்குகிறது. இரவு படுக்குமுன் உண்ட மாத்திரையின் மந்தம் காலையிலும் நீடிக்கலாம். அந்நிலையில் மோட்டார் சைக்கிளில் செம்மண் சாலையில் செல்வதும், கூரிய உளியைக் கையாள்வதும், செம்பனையில் நீண்ட கோல் கொண்டு குலை வெட்டுவதும் உயிரோடு விளையாடுவதாகும். முதன்முறை உண்ணும்போது மறுநாள் ஓய்வாக இருக்கும் நாளைத் தேர்ந்து கொள்ளுதல் நலம். கள், சம்சு, பீர் ஆகியவற்றோடு இம்மருந்து சேரக்கூடாது. சளிக்கு உண்ணும் பிரிட்டோன் போன்ற மாத்திரைகளும், சில இருமல் மருந்துகளும், தூக்க மாத்திரைகளும் இதனுடன் சேர்ந்து மயக்கத்தை இரட்டிப்பாக்கும். டிசானிடின் உண்பவர் சிப்ரோஃப்ளோக்சசின் என்னும் கிருமிக்கொல்லி மருந்தைச் சேர்த்து உண்டால் இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்குத் தாழும்.

ஆர்ஃபெனட்ரின் வாயை உலர்த்தும், பார்வையை மங்கச் செய்யும், மலச்சிக்கல் தரும், சிலர்க்கு நெஞ்சு படபடக்கும். கண்ணில் நீரழுத்த நோய் உடையவரும், சிறுநீர் கழிக்கச் சிரமப்படும் முதியவரும், கருவுற்ற தாய்மாரும், பாலூட்டுவோரும் இவற்றை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுதல் வேண்டும்.

அண்டை நாட்டுப் பாடம்

இந்தோனேசியாவின் தென்கிழக்குச் சுலாவெசியில் உள்ள கெண்டாரி நகரில், 2017-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் பி.சி.சி. என்னும் மாத்திரையை உண்ட பலர், பெரும்பாலும் இளையோர், நிலைதவறி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர், உயிரிழப்பும் நேர்ந்தது. அம்மாத்திரையின் ஒரு கூறு கரிசோப்ரோடோல் என்னும் தசைத் தளர்வு மருந்து. அடிமைப்படுத்தும் தன்மையுடையது என்பதால் அந்நாட்டு அரசு 2013-லேயே அதன் அனுமதியை நீக்கியிருந்தது. ஐரோப்பிய மருந்து ஆணையமும் 2007-இல் அதனை நிறுத்திவைக்கப் பரிந்துரைத்தது. சட்டத்தின் கண்ணுக்குத் தப்பி விற்கப்படும் மாத்திரையில் என்ன கலந்திருக்கிறது என்பது விற்பவனுக்கே தெரியாது.

நம் நாட்டில் மருந்துகள் 1952-ஆம் ஆண்டின் நச்சுப்பொருள் சட்டத்தின் கீழும், 1984-ஆம் ஆண்டின் மருந்து, ஒப்பனைப் பொருள் விதிகளின் கீழும் கட்டுப்படுத்தப்படுகின்றன. பெட்டியில் எம், ஏ, எல் என்ற மூன்று எழுத்துகளுடன் தொடங்கும் பதிவு எண் உண்டா என்று பாருங்கள். இரவுச் சந்தையில் விற்கும் மூட்டுவலி மாஜூன், ஜாமு ஆகியவற்றுள் சிலவற்றில் டெக்சாமெத்தசோன் என்னும் மருந்து மறைவாகக் கலக்கப்பட்டிருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டறிந்து எச்சரித்துள்ளது. உடனே சுகம் தரும் அது, நாளடைவில் எலும்பையும் சர்க்கரை அளவையும் கெடுக்கும்.

மருந்து உறையில் மலாயில் எழுதியிருப்பதையும் படித்தறிதல் வேண்டும். ‘பீஜி’ என்பது மாத்திரையின் எண்ணிக்கை. ‘காலி செஹாரி’ என்பது நாளைக்கு எத்தனை வேளை. ‘செலெபாஸ் மாக்கான்’ என்பது உணவுக்குப் பின். ‘மெங்கந்தோக்’ என்ற சொல் கண்டால் தூக்கம் வரும் என்று பொருள். ஒரு வேளை மறந்தால் அடுத்த வேளையில் இரட்டித்து உண்ணலாகாது.

பிடிப்பல்லாத பிடிப்பு

மாத்திரை தேடுமுன் நோயை அறிதல் இன்றியமையாதது. காய்ச்சலுடன் கெண்டைக்கால் தசை தொட்டாலே வலித்தால் அது எலியின் சிறுநீரால் பரவும் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். தோட்டத்து ஈரநிலத்தில் வேலை செய்வோர்க்கு இஃது அரிதன்று. ஆணி, முள், உளி பட்ட காயத்துக்குப் பின் தாடை இறுகிக் கழுத்தும் முதுகும் விறைத்தால் அஃது இரணசன்னியாக இருக்கலாம். இடுப்பு வலியோடு கால் வலுவிழந்தாலும், தொடையிடுக்கு மரத்துப்போனாலும், சிறுநீர் கட்டுப்படாமற் போனாலும் நரம்பு நசுங்குகிறது என்று பொருள். நெஞ்சிலிருந்து இடது தோளுக்குப் பரவும் இறுக்கம் இதய நோயின் குறியாகலாம். இவற்றுக்குத் தைலமும் வேண்டா, மாத்திரையும் வேண்டா. உடனே மருத்துவமனை வேண்டும். மாத்திரை உண்டவர் எழுப்பியும் எழாவிடில் 999 எண்ணை அழைத்து, உண்ட மாத்திரையின் உறையையும் உடன் கொண்டு செல்லுங்கள்.

சாதாரணப் பிடிப்பு பெரும்பாலும் சில நாள்களில் தணியும். வெந்நீர் ஒத்தடம், போதிய தண்ணீர், இயன்ற அளவு நடமாட்டம் ஆகியவையே முதல் மருந்து. நாள் முழுதும் படுத்தே கிடத்தல் தசையை மேலும் இறுக்கும். மாத்திரை குறுகிய காலத் துணைதான். இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் அது தேவைப்பட்டால் மருத்துவரிடம் மீண்டும் செல்வதே முறை. வேலையில் விழுந்தோ சுமை தூக்கியோ வந்த வலியாயின், அன்றே நிர்வாகத்திடம் சொல்லிப் பதிவு செய்யுங்கள். 1969-ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சொக்சோ தரும் சலுகைக்கு அப்பதிவு துணையாகும். மாத்திரையால் வலியை மறைத்துக்கொண்டு வேலைக்குச் செல்பவர் உடலை மட்டுமன்றி உரிமையையும் இழக்கக்கூடும்.

வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் மாத்திரைகளைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். தேவையற்றவற்றை அரசாங்க மருந்தகத்தில் ஒப்படையுங்கள். அண்டை வீட்டார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தால் மாத்திரை கொடுக்க வேண்டா. ரவாங் சுகாதார நிலையத்துக்கு அவரை அழைத்துச் செல்லுங்கள். அதுவே அவருக்கு நாம் செய்யத்தக்க உண்மையான உதவியாகும்.