மன்றோ கோட்டை: மூவர் வந்த இரவு
1861 மே 23. அமெரிக்க ஒன்றியத்திலிருந்து பிரிய வர்ஜீனியா மக்கள் வாக்களித்த நாள். அன்றிரவு, அடிமைப்படுத்தப்பட்டிருந்த ஃபிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மல்லோரி, ஜேம்ஸ் டவுன்சென்ட் மூவரும் பிரிவினைப் படைக்குப் பீரங்கி மேடை கட்டும் வேலையிலிருந்து தப்பி, படகில் ஒன்றியப் படையிடம் இருந்த இக்கோட்டைக்கு வந்தார்கள். அவர்களைத் திருப்பிக் கேட்டு எதிர்த்தரப்பின் தூதர் வந்தார். தப்பிய அடிமையை ஒப்படைக்க வேண்டும் என்பது அன்றைய நாட்டுச் சட்டம். தனி நாடு என்று சொல்லிக்கொள்ளும் வர்ஜீனியாவுக்கு அது பொருந்தாது என்று மறுத்தார் தளபதி பெஞ்சமின் பட்லர். ஆனால் மூவரையும் விடுவிக்கவில்லை. எதிரியிடம் கைப்பற்றிய போர்ப்பொருளாகவே வைத்துக்கொண்டார். மனிதரைப் பொருளாக எண்ணிய அந்த வாதம் இன்று படிக்கக் கூசுகிறது. துணிந்து முதல் அடி வைத்தவர்கள் அந்த மூவரே. செய்தி பரவியதும் குடும்பம் குடும்பமாக ஆயிரக்கணக்கானோர் வந்து சேர்ந்தார்கள். பிரிவினைப் படை எரித்துவிட்டுப் போன ஹாம்ப்டன் ஊரின் இடிபாடுகளில் தங்களுக்கு வீடுகள் கட்டிக்கொண்டார்கள்.