செவிலியர் படிப்பு: சேர்க்குமுன் விசாரியுங்கள்

பிழைப்புக்காக மும்பைக்கும் பெங்களூருக்கும் வந்த நம் குடும்பங்களில், மகளைச் செவிலியர் படிப்பில் சேர்க்க விரும்புவோர் அநேகர். கல்லூரிக் கட்டடத்தைப் பார்த்து மட்டும் முடிவெடுக்காதிருங்கள்.

முதலாவது, பயிற்சி எங்கே நடக்கும் என்று கேளுங்கள். ஜி.என்.எம். 3 ஆண்டுகள், பி.எஸ்ஸி. நர்சிங் 4 ஆண்டுகள். இரண்டிலும் கைப்பழக்கம் உண்டாவது வார்டில்தான். நோயாளிகள் வராத மருத்துவமனையில் பிள்ளை எதைக் கற்பாள்? பிரசவம், குழந்தைகள், மனநலம் ஆகிய பிரிவுகளுக்கு எங்கே அனுப்புகிறார்கள், இரவுப் பணிக்கு வாகனம் உண்டா என்று அங்கே பயிலும் மூத்த மாணவியரிடமே விசாரியுங்கள்.

இரண்டாவது, படித்து முடித்ததும் மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்வது அவசியம். வேறு மாநிலத்தில் பணிசெய்யப் போனால் அங்கும் பதிவு பெறவேண்டும்.

மூன்றாவது, வேலையில் சேரும்போது அசல் சான்றிதழ்களை ஒப்படைத்துவிடாதிருங்கள். பாண்டு பத்திரத்தை வாசிக்காமல் கையொப்பமிடலாகாது. உச்ச நீதிமன்றத்தின் 2016ஆம் ஆண்டு உத்தரவின்பேரில் அமைந்த குழு, 50 படுக்கைகளுக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையிலும் செவிலியர் ஊதியம் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையலாகாது என்று பரிந்துரைத்தது. அது பரிந்துரையே, ஆயினும் சம்பளம் பேசும்போது நல்ல அளவுகோல்.

புதிதாய்ச் சேர்ந்தவளை ஐ.சி.யூ.வில் தனியே விடாமல், மூத்த செவிலியருடன் நிறுத்திப் பழக்கும் இடம் எதுவோ, அதையே தெரிந்துகொள்ளுங்கள்.