ஜெர்மனியில் பௌதிக எம்.எஸ்ஸி.

டில்லி, மும்பை, கொல்கத்தா போன்ற நகரங்களில் குடியேறி வாழும் நம்மவர் இல்லங்களில், பி.எஸ்ஸி. பௌதிகம் முடித்த மகனோ மகளோ, “மேற்படிப்புக்கு ஜெர்மனிக்குப் போகிறேன்” என்று சொல்வதை இப்போது அடிக்கடி கேட்கிறோம். “ஏன் ஜெர்மனி? அமெரிக்கா ஆகாதா?” என்பதே பெற்றோருக்கு முதலில் எழும் ஐயம். அது நியாயமான ஐயந்தான். அமெரிக்கப் பல்கலைக் கழகங்களின் பௌதிகத் துறைகள் பெரும்பாலும் மாணவரை நேராக டாக்டர் பட்டத்துக்கே எடுத்துக்கொள்கின்றன. கீழ் வகுப்பினருக்குப் பாடம் சொல்லும் பணிக்காக உதவித் தொகையும் அளிக்கின்றன. எம்.எஸ்ஸி. மட்டும் போதும் என்பவர் அங்கே பெரும்பாலும் தம் கைப்பணத்தையே நம்ப வேண்டும். இங்கிலாந்தில் அது ஓராண்டுப் படிப்பு, கட்டணமோ மிகுதி. ஜெர்மனியில் இரண்டாண்டுப் படிப்பு. அரசுப் பல்கலைக் கழகங்கள் பெரும்பாலானவற்றில் போதனைக் கட்டணமே கிடையாது.

இதற்கு விலக்கும் உண்டு. ஹைடல்பர்க், கார்ல்ஸ்ரூ முதலிய ஊர்கள் அடங்கிய பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம், ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராத மாணவரிடம் 2017 முதல் பருவத்துக்கு 1,500 யூரோ வசூலிக்கிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக் கழகமும் 2024இல் கட்டணம் விதிக்கத் தொடங்கிற்று.

கட்டணம் இல்லை என்றவுடன் செலவே இல்லை என்று எண்ணிவிடலாகாது. விசாவுக்கு முன்பே, ஓராண்டு வாழ்க்கைச் செலவை மாணவர் பெயரில் ஒரு கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். ‘பிளாக்டு அக்கவுண்ட்’ என்பது இதுதான். 2024 செப்டம்பரில் இத்தொகையை 11,904 யூரோ என நிர்ணயித்தார்கள். அவ்வப்போது உயர்த்துவதும் உண்டு. நம் நாணயத்தில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல். இதைக் கட்டணம் என்று மயங்கிக் கலங்கும் பெற்றோர் பலர். இது பிள்ளையின் சோற்றுக்கும் அறை வாடகைக்கும் உரிய பணம். அங்கே போய்ச் சேர்ந்தபின் மாதம் 992 யூரோவாக அவர் கைக்கே வரும். எனினும் கடன் வாங்கித்தான் போட வேண்டுமென்றால், இரண்டாம் ஆண்டுச் செலவையும் வட்டியையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். “வேலை பார்த்துச் சமாளித்துக்கொள்வான்” என்று விட்டுவிடுவது நமக்கு உசிதமாகத் தோன்றவில்லை. ஆண்டுக்கு 140 முழு நாள் வேலை செய்யச் சட்டம் இடந்தருகிறது. படிப்பு அவ்வளவு இடந்தருமா என்பது வேறு கேள்வி.

ஏனெனில் முதலாண்டுப் பாடம் கடுமையானது. வாரந்தோறும் ஒரு கணக்குத் தாள் வரும். அதில் பாதியளவேனும் மதிப்பெண் பெற்றாலன்றிப் பல துறைகளில் பரீட்சை எழுதவே விடுவதில்லை. வாய்மொழிப் பரீட்சையும் உண்டு. பேராசிரியர் எதிரே அமர்ந்து, குவாண்டம் இயக்கவியலில் ஒரு சூத்திரம் எப்படிப் பிறந்தது என்று தாளில் எழுதிக் காட்ட வேண்டும். மனப்பாடம் அங்கே துணை வராது. தோற்றவர் மீண்டும் எழுதலாமாயினும், எத்தனை முறை என்பதற்குப் பல இடங்களில் எல்லை வகுத்திருக்கிறார்கள். மதிப்பெண் முறையும் நமக்குத் தலைகீழானது: 1.0 மிகச் சிறந்தது, 4.0 கடைசித் தேர்ச்சி. பிள்ளை 1.3 வாங்கினேன் என்று எழுதினால் தாயார் கண்ணீர் விட வேண்டியதில்லை!

இரண்டாம் ஆண்டே இப்படிப்பின் உயிர் நிலை. பெரும்பாலான இடங்களில் அவ்வாண்டு முழுவதும் ஆராய்ச்சிக்கே உரியது. மாணவர் ஒரு குழுவில் சேர்ந்து, அக்குழு செய்துவரும் வேலையில் ஒரு பகுதியைத் தாமே ஏற்று, முடிவில் ஆய்வேடு எழுதுகிறார். ஹாம்பர்க்கில் டெஸி என்னும் துகள் முடுக்கி நிலையம் இருக்கிறது. டார்ம்ஸ்டாட்டில் கனத்த அயனிகளைக் கொண்டு அணுக்கருவை ஆராய்கிறார்கள். மியூனிக்கை அடுத்த கார்ஷிங்கில் மாக்ஸ் பிளாங்க் நிலையம் ஒன்று லேசர் ஒளியில் ஈடுபட்டிருக்கிறது. துகள் பௌதிகத்தில் ஆசையுள்ளவர் அத்துறையில் ஒரே ஒரு பேராசிரியர் உள்ள ஊருக்குப் போய்விட்டால், அந்த ஓராண்டு என்னாவது? ஆகவே விண்ணப்பிக்கும் முன்பே எந்தத் துறையில் எத்தனை குழுக்கள் உள்ளன, அவை அண்மையில் வெளியிட்ட கட்டுரைகள் எவை என்று பார்த்துவிட வேண்டும். பல்கலைக் கழகத் தர வரிசைப் பட்டியல் இதைச் சொல்வதில்லை.

இனிச் சேர்க்கை. விண்ணப்பத்தில் அவர்கள் எண்ணிப் பார்ப்பது, இயக்கவியல், மின்காந்தவியல், குவாண்டம், புள்ளியியல் பௌதிகம், செய்முறை ஆகியவற்றை மாணவர் எவ்வளவு படித்திருக்கிறார் என்பதையே. பொறியியல் பட்டதாரிகள் பலர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். மூன்றாண்டு பி.எஸ்ஸி.யைச் சில இடங்கள் ஏற்கின்றன, சில தயங்குகின்றன; தனித்தனியே கேட்டறிவதே நன்று. 2022 நவம்பர் முதல் நம் நாட்டுச் சான்றுகளை டில்லியிலுள்ள ஏ.பி.எஸ். அலுவலகம் சரிபார்த்து அத்தாட்சி வழங்க வேண்டும் என்ற விதி வந்திருக்கிறது. அதற்குச் சில வாரம் முன்னதாகவே முயல வேண்டும். விசா, வசிக்கும் இடத்தைப் பொறுத்தது. கொல்கத்தாவில் குடியிருப்பவர், சொந்த ஊர் தஞ்சாவூர் என்பதற்காகச் சென்னைக்கு ஓட வேண்டாம்.

பாடம் ஆங்கிலத்தில் நடக்கும் துறைகள் பல உள. வீட்டுக்காரரோடும் நகராட்சி அலுவலகத்தோடும் பேச ஜெர்மன் வேண்டும். புறப்படும் முன் ஆறு மாதமாவது பயில்வது நலம்.

இந்தியாவிலேயே எம்.எஸ்ஸி. முடித்தவர் சிலர், அங்கே போய் அதையே மறுபடி படிக்க எண்ணுகிறார்கள். அது வீண் செலவு என்பது நம் கருத்து. ஜெர்மனியில் பௌதிக டாக்டர் பட்ட ஆராய்ச்சி பெரும்பாலும் சம்பளம் பெறும் பணியாகவே நடைபெறுகிறது. எம்.எஸ்ஸி. முடித்தவர்கள், தங்களுக்கு விருப்பமான துறையில் ஆராய்ச்சி நடத்தும் பேராசிரியருக்கு, தம் ஆய்வேட்டின் சுருக்கத்தோடு நேரே கடிதம் எழுதலாம்.