கம்பி அறுந்தால் இயந்திரம் நிற்க வேண்டும்

புனேயில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில், ஒருவராவது தொழிற்சாலை வாசலை மிதிக்காத வீடு அரிது. பிம்ப்ரி, சிஞ்ச்வட், போசரி, சாக்கண் என்று ஆளுக்கொரு திசையில் கம்பெனி பஸ் ஏறிப் போய் வருகிறோம். ஆனாலும் சங்க விழாக்களில் யாராவது என் தொழிலைக் கேட்டு, நான் "பி.எல்.சி. பொருத்துகிற வேலை" என்றால், "அது என்ன சார், இன்ஷூரன்ஸா?" என்று கேட்கும் அன்பர்கள் இன்றும் உண்டு. அவர்களுக்காகவும், இந்தத் துறையில் காலடி வைக்க இருக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்காகவும் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

இயந்திரம் எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும், எந்த வேலைக்குப் பின் எந்த வேலை என்று முறைப்படுத்தும் சிறு கம்ப்யூட்டர்தான் பி.எல்.சி. சிறிய ரகம் ஒன்றைக் கையில் தூக்கிவிடலாம்; ஒரு டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். பொத்தான்கள், சென்சார்கள் ஆகியவற்றின் கம்பிகள் ஒரு பக்கம் உள்ளே வரும். மோட்டார், வால்வு, விளக்கு ஆகியவற்றுக்குக் கட்டளை தரும் கம்பிகள் மறுபக்கம் வெளியே போகும். இடையே இருப்பது நாம் எழுதும் புரோகிராம்.

ரிலேக்களின் காலம்

இது வருவதற்கு முன் அந்த வேலையை ரிலேக்கள் செய்தன. பெரிய இயந்திரம் என்றால் பீரோ அளவுப் பெட்டிக்குள் நூற்றுக்கணக்கான ரிலேக்கள் 'டக் டக்' என்று அடித்துக்கொண்டிருக்கும். காரின் மாடல் மாறினால் அத்தனை கம்பிகளையும் பிரித்து மாற்றிக் கட்ட வேண்டும். இந்தத் தொல்லை தாங்காமல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஹைட்ராமேட்டிக் பிரிவு, 1968-ல், கம்பியைத் தொடாமலே மாற்றக்கூடிய கட்டுப்பாட்டுக் கருவி ஒன்று வேண்டும் என்று கேட்டது. டிக் மார்லி என்ற பொறியாளரும் அவரது பெட்ஃபோர்டு அசோசியேட்ஸ் குழுவினரும் செய்து கொடுத்த கருவியின் பெயர் மோடிகான் 084. அந்த நிறுவனத்தின் 84-ஆவது திட்டம் என்பதால் அந்த எண். அது 1969-ல் தொழிற்சாலைக்குள் நுழைந்தது.

நம் ஊருக்கும் இந்த வரலாற்றில் பங்கு உண்டு. 1981-ல் புனேயில் தொடங்கப்பட்ட மெசுங் நிறுவனம், இந்தியாவிலேயே பி.எல்.சி. தயாரித்த முன்னோடிகளுள் ஒன்று.

பெட்டியும் கம்பியும்

அண்மையில் போசரியில் ஒரு சிறு பட்டறையில் செய்த வேலையை எடுத்துக்கொள்கிறேன். இரும்புத் துண்டுகளுக்குள் புஷ் அழுத்திப் பொருத்தும் ஹைட்ராலிக் பிரஸ் அது. பழைய ரிலே பேனல் தேய்ந்து போனதால், 14 இன்புட், 10 அவுட்புட் உள்ள சிறு பி.எல்.சி. பொருத்தச் சொன்னார்கள்.

போசரிக்கு வியாழக்கிழமை வார விடுமுறை. எங்களைப் போன்றவர்களுக்கு அன்றுதான் வேலை நாள். முதல் காரியம், மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டுப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வது. அடுத்து, மின்சாரம் இல்லை என்று மீட்டர் வைத்துப் பார்ப்பது. இந்த இரண்டும் ஆகாமல் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்கலாகாது.

பிறகு காகிதமும் பென்சிலும். இரு கைப் பொத்தான், மேல் லிமிட் சுவிட்ச், கீழ் லிமிட் சுவிட்ச், துண்டு வைத்திருப்பதைக் காட்டும் சென்சார், எண்ணெய் அழுத்த சுவிட்ச், மோட்டாரின் ஓவர்லோடு, ஸ்டார்ட், ஸ்டாப், ஆட்டோ-மேனுவல் சுவிட்ச், அவசர நிறுத்தத்தின் நிலை என்று உள்ளே வருவன பத்து. பம்ப் மோட்டாரின் கான்டாக்டர், இறங்கும் வால்வு, ஏறும் வால்வு, பச்சை விளக்கு, சிவப்பு விளக்கு, பஸ்ஸர் என்று வெளியே போவன ஆறு. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்துப் பட்டியல் போட்ட பிறகே பேனலில் துளை போட வேண்டும். பட்டியல் சரியாக இருந்தால் பாதி வேலை முடிந்தது.

பி.எல்.சி.யைப் பேனலின் உள்ளே ரெயிலில் மாட்டும்போது மேலும் கீழும் காற்று போக இடம் விட வேண்டும். சூடு அதற்கு ஆகாது. கேபிள்கள் பெட்டியின் அடிப்பக்கமாக நுழைய வேண்டும். மேலே துளை போட்டால் ஜூன் மாத மழை முதலில் அங்கேதான் இறங்கும். மோட்டாருக்குப் போகும் 415 வோல்ட் கம்பிகளையும் சென்சாரின் 24 வோல்ட் கம்பிகளையும் ஒரே டக்டில் படுக்க வைக்கக் கூடாது. மோட்டார் ஓடத் தொடங்கும்போது எழும் மின் இரைச்சல் சென்சார் கம்பியில் ஏறி, இல்லாத துண்டை இருப்பதாகக் காட்டிவிடும். அவை ஒன்றையொன்று கடக்கத்தான் வேண்டும் என்றால் குறுக்காகக் கடக்கட்டும்.

சென்சார் வாங்கும்போது பி.என்.பி. வகையா, என்.பி.என். வகையா என்று பார்த்து வாங்குவது அவசியம். ஒன்று பாசிட்டிவைத் தரும், மற்றது நெகட்டிவோடு சேர்க்கும். இன்புட்டின் பொது முனையை எப்படிக் கட்டியிருக்கிறோமோ அதற்கு ஏற்றதுதான் வேலை செய்யும். வால்வின் காயில் 24 வோல்ட் டி.சி. என்றால் அதன் குறுக்கே, திசை பார்த்து, ஒரு டயோடு போட வேண்டும். காயிலை அணைக்கும் நொடியில் அது திருப்பி உதைக்கும் மின்னழுத்தம், பி.எல்.சி.யின் அவுட்புட்டை நாளடைவில் அரித்துவிடும். சில ரூபாய் டயோடு, பல ஆயிரம் ரூபாய் கருவியைக் காக்கிறது.

ஒவ்வொரு கம்பியின் இரு முனையிலும் ஒரே எண், முனையில் லக், ஸ்க்ரூவை முடுக்கிய பின் ஓர் இழுப்பு. கேட்க எளிது. மாலை ஐந்து மணிக்கு, நூறாவது கம்பிக்கும் அதே பொறுமை இருக்கிறதா என்பதில்தான் வேலைக்காரனின் தரம் தெரியும்.

ஏணி மொழி

புரோகிராம் எழுத ஆங்கில இலக்கியமோ உயர் கணிதமோ வேண்டாம். 1993-ல் வெளியான சர்வதேசத் தரநிர்ணயம் ஐந்து மொழிகளை வகுத்தது. அவற்றில் எலக்ட்ரீஷியன்களுக்கு நெருக்கமானது லேடர், அதாவது ஏணி. இரு பக்கமும் இரண்டு செங்குத்துக் கோடுகள், நடுவே படிகள். ஒரு படியில் உள்ள நிபந்தனைகள் எல்லாம் நிறைவேறினால், அந்தப் படியின் வலது கோடியில் உள்ள கட்டளை நடக்கும். பழைய ரிலே வரைபடத்தைப் படித்தவர்கள் பயமின்றி மாறிக்கொள்ளட்டும் என்றே இதை அப்படி அமைத்தார்கள்.

பி.எல்.சி. செய்வது ஓயாத ஒரு சுற்று. எல்லா இன்புட்டுகளையும் ஒருமுறை பார்க்கும். ஏணியை மேலிருந்து கீழாகப் படிக்கும். முடிவுகளை அவுட்புட்டுகளுக்கு அனுப்பும். மறுபடி முதலிலிருந்து தொடங்கும். சிறு புரோகிராம் என்றால் ஒரு சுற்றுக்கு ஒரு விநாடியின் ஆயிரத்தில் சில பங்கே ஆகும்.

புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்றைச் சொல்கிறேன். ஸ்டாப் பொத்தானை எப்போதும் மூடிய கான்டாக்டாக இணைப்போம். சும்மா இருக்கும்போது அதன் வழியே மின்சாரம் வந்துகொண்டே இருக்கும், அழுத்தினால் நிற்கும். ஆகவே ஏணியில் அதைத் திறந்த கான்டாக்டின் குறியால் எழுத வேண்டும். பொத்தானின் மேல் உள்ளதைப் பார்த்து, ஏணியிலும் மூடிய குறியைப் போட்டால் இயந்திரம் ஸ்டார்ட்டே ஆகாது.

மூடிய கான்டாக்டாக ஏன் இணைக்கிறோம்? இந்தக் கேள்விதான் இக்கட்டுரையின் உயிர்.

சிவப்புப் பொத்தான்

அந்தப் பட்டறையின் மாலக் நல்ல மனிதர், கணக்கில் கெட்டிக்காரர். பொருள் பட்டியலில் 'சேஃப்டி ரிலே' என்ற வரியில் விரலை வைத்தார்.

"அண்ணா, இவ்வளவு விலை கொடுத்து பி.எல்.சி. வாங்கியாயிற்று. பாதி இன்புட் காலியாகக் கிடக்கப் போகிறது. எமர்ஜென்ஸி பொத்தானையும் அதிலேயே ஒன்றில் கொடுத்துவிடுங்களேன். இது எதற்குத் தனியாக?"

"மாலக், பத்து நிமிஷம் கொடுங்கள். காட்டுகிறேன்" என்றேன்.

மேஜை மீது பி.எல்.சி.யை வைத்து, ஒரு விளக்கை அவுட்புட்டில் மாட்டினேன். விளக்குதான் பிரஸ். ஒரு சிவப்புப் பொத்தானை, அழுத்தினால் இணையும் வகையில் கட்டி, அழுத்தினால் விளக்கு அணையும்படி புரோகிராம் எழுதினேன். அழுத்தினார், அணைந்தது. "இதுதானே வேண்டும்?" என்றார். மறுபடி விளக்கை எரிய விட்டு, பொத்தானின் ஒரு கம்பியை உருவிவிட்டேன். "இப்போது அழுத்துங்கள்." அழுத்தினார். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. இரண்டு மூன்று முறை அழுத்திப் பார்த்தார்.

அடுத்து, பொத்தானை மூடிய கான்டாக்டாக மாற்றி, புரோகிராமையும் மாற்றினேன். கம்பியை உருவியதும், யாரும் அழுத்தாமலே விளக்கு அணைந்தது. எலி கடித்தாலும், ஸ்க்ரூ தளர்ந்தாலும், கம்பி அறுந்தாலும் இயந்திரம் நின்றுவிடும். உற்பத்தி கெடும், விரல் கெடாது.

அவர் விடவில்லை. "சரி, இப்படியே பி.எல்.சி.க்குக் கொடுத்துவிடலாமே?"

கழற்றிப் போட்ட பழைய பேனலிலிருந்து ஒரு ரிலேயை எடுத்தேன். அதன் காயிலுக்கு மின்சாரம் கொடுக்கவில்லை. ஆனாலும் கான்டாக்டுகளில் மீட்டரை வைத்ததும் 'பீப்' என்றது. உள்ளே இரு முனைகளும் உருகி ஒட்டிக்கொண்டிருந்தன. "மாலக், இந்த மாதிரி ரிலேதான் பி.எல்.சி.யின் வயிற்றுக்குள்ளும் இருக்கிறது. 'நில்' என்று புரோகிராம் சொல்லும், நின்றுவிட்டதாகவே நினைத்துக்கொள்ளும். ஆனால் பிரஸ் இறங்கிக்கொண்டிருக்கும்."

டிரான்சிஸ்டர் அவுட்புட் உள்ள பி.எல்.சி.யானாலும் இதே கதைதான்; அது கெடும்போது பெரும்பாலும் மின்சாரத்தை விட்டபடியே கெடும். சேஃப்டி ரிலே அப்படி அல்ல. பொத்தானிலிருந்து இரு தனிக் கம்பிப் பாதைகள் அதற்கு வருகின்றன. அது வரிசையாக உள்ள இரண்டு கான்டாக்டர்களை விடுவித்து, பம்புக்கும் வால்வுக்கும் போகும் மின்சாரத்தையே துண்டிக்கிறது. ஒன்று ஒட்டிக்கொண்டாலும் மற்றது பிரியும். ஒட்டிக்கொண்டதைச் சரிசெய்யும் வரை மறுபடி ஸ்டார்ட் ஆக விடாது. பி.எல்.சி.க்குப் போவது, 'நிறுத்திவிட்டேன்' என்ற தகவல் மட்டும். இரு கைப் பொத்தானுக்கும் அதற்கென்றே உள்ள ரிலே போட்டோம். இரண்டையும் அரை விநாடிக்குள் சேர்த்து அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். ஒரு பொத்தானில் குச்சியைச் சொருகி வைத்து ஏமாற்ற முடியாது. பாதுகாப்புக்கென்றே சான்று பெற்ற பி.எல்.சி.களும் சந்தையில் உண்டு. சாதாரணச் சிறு பி.எல்.சி. அந்தச் சாதி அல்ல.

மாலக் சிறிது நேரம் பேசவில்லை. பிரஸ்ஸை ஓட்டுகிற லாத்தூர்ப் பையன் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் ஒரு ஷிப்டில் பல நூறு முறை அந்த வாய்க்குள் துண்டை வைத்து எடுப்பவன். "போட்டுவிடுங்கள் அண்ணா" என்றார் மாலக்.

இது வீண் பயம் அல்ல. ஓடும் பாகங்களுக்குத் தடுப்பு வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தன் 21-ஆம் பிரிவிலேயே சொல்லியிருந்தது. அப்படியிருந்தும், சேஃப் இன் இந்தியா என்ற தொண்டு அமைப்பு 2019 முதல் வெளியிட்டு வரும் அறிக்கைகள், வாகன உதிரிபாகத் தொழிலில் கை நசுங்கி விரல் இழப்பவர்களுக்குப் பவர் பிரஸ்ஸே முக்கியக் காரணம் என்று காட்டுகின்றன.

ஓட்டிப் பார்த்தல்

எல்லாம் இணைத்தான பிறகு உடனே ஓட்டிவிடக் கூடாது. மோட்டாருக்கும் வால்வுக்கும் மின்சாரம் தராமல், முதலில் பி.எல்.சி.யை மட்டும் ஆன் செய்து, பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சுவிட்சாகத் தட்டி, அதற்குரிய சிறு விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு மேனுவலில், துண்டு வைக்காமல், ஒவ்வோர் அசைவாக. கடைசியில்தான் ஆட்டோ.

வேண்டுமென்றே கெடுத்துப் பார்க்கும் சோதனையும் உண்டு. பிரஸ் இறங்கும்போது மெயினை அணைத்தோம்; பாரமான தலை அப்படியே நின்றது. எண்ணெயைப் பிடித்து நிறுத்தும் வால்வு சரியாக இருந்ததால்தான் அது நின்றது. இல்லையேல், மின்சாரத்தைத் துண்டித்தாலும் தலை தானே இறங்கிவிடும். மறுபடி மின்சாரம் வந்தபோது இயந்திரம் தானாகக் கிளம்பவில்லை. ஸ்டார்ட் பொத்தானுக்காகக் காத்திருந்தது. மழைக்காலத்தில் மின்சாரம் போய்ப் போய் வரும் ஊரில் இது மிக முக்கியம். பிரஸ் அழுத்தத்தில் நிற்க, அவசரப் பொத்தானின் ஒரு பாதையை மட்டும் உருவினோம், நின்றது. மற்றதை உருவினோம், அப்போதும் நின்றது. மாலக்கே ஒருமுறை தன் கையால் உருவிப் பார்த்துத் திருப்தி அடைந்தார்.

புரோகிராமின் ஒவ்வொரு படிக்கும் குறிப்பு எழுதி, ஒரு பிரதியை மாலக்கிடமும், கம்பி வரைபடத்தைப் பேனல் கதவின் உறையிலும் வைத்தோம். பாஸ்வேர்டும் மாலக்கிடம்தான் இருக்க வேண்டும். எழுதியவன் வேலை மாறிப் போய்விட்டால் இயந்திரம் அநாதையாகிவிடக் கூடாது.

டிப்ளமா, ஐ.டி.ஐ. முடித்து இந்தத் தொழிலுக்கு வரும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. புரோகிராம் எழுத ஒரு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம். எந்த வேலையைப் புரோகிராமிடம் ஒப்படைக்கக் கூடாது என்பதையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். விலை குறைக்கச் சொல்லும் முதலாளியிடம் கோபப்படாமல், கம்பியை உருவிக் காட்டுங்கள். கண்ணால் பார்த்தால் பெரும்பாலோர் ஒத்துக்கொள்வார்கள். சரஸ்வதி பூஜை அன்று நாம் கருவிகளுக்குப் பொட்டு வைக்கிறோம். இந்த ஊரில் கண்டே நவமி என்று சாமந்தி மாலை சூட்டுகிறார்கள். அந்த மாலையைச் சூட்டும் கை, அடுத்த ஆண்டும் பத்து விரலோடு வர வேண்டும். நம் தொழிலுக்கு அதைவிடப் பெரிய பூஜை இல்லை.