5 வோல்ட்டோடு நின்றுபோகும் கணக்கு

1989இல் நிஸான் கொண்டுவந்த ஆர்32 ஸ்கைலைன் ஜிடி-ஆர் காரின் பானெட்டைத் திறந்தால், ஏர் ஃபில்டருக்கு அடுத்து இரண்டு காற்றோட்ட சென்சார்கள் தெரியும். 2.6 லிட்டர் எஞ்சினுக்கு இரண்டு டர்போ, ஆளுக்கொரு சென்சார். கம்பெனி சொன்ன திறன் 280 குதிரைசக்தி. ஜப்பானிய டியூனர்களுக்கு அது போதவில்லை. டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தமான பூஸ்டைக் கூட்டினார்கள், பெரிய டர்போ மாட்டினார்கள். ஓரளவுக்கு மேல் போனதும் கையை விரித்தவற்றில் இந்தச் சென்சார்களும் உண்டு.

உள்ளே இருப்பது சூடேற்றப்பட்ட மெல்லிய கம்பி. கடந்து போகும் காற்று அதைக் குளிர்விக்கும். சூடு இறங்காமலிருக்க சர்க்யூட் கூடுதல் கரன்ட் கொடுக்கும். எவ்வளவு கொடுக்க நேர்ந்தது என்பது வோல்ட் கணக்காக எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவுக்குப் போகிறது. இத்தனை வோல்ட் என்றால் வினாடிக்கு இத்தனை கிராம் காற்று என்று அங்கே ஓர் அட்டவணை இருக்கிறது. அதை வைத்துத்தான் இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பது முடிவாகிறது. சென்சார் டர்போவுக்கு முன்னால் இருந்தாலும் பாதகமில்லை. அமுக்கினாலும் காற்றின் எடை மாறாது.

ஆனால் அந்த சிக்னல் சுமார் 5 வோல்ட்டைத் தாண்டாது. லேப்டாப்பில் பதிவுசெய்து பார்த்தால் ஆர்பிஎம் கோடு ஏறிக்கொண்டே போகும், வோல்ட் கோடு மட்டும் கிடையாகப் படுத்துவிடும். சென்சாரின் உச்சம் வினாடிக்கு 300 கிராம் என்று வைத்துக்கொள்வோம். முழு பூஸ்டில் 11.5 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்று டியூனர் வைத்திருந்தால், ஈசியூ 26 கிராம் பெட்ரோல் தெளிக்கும். உண்மையில் 350 கிராம் காற்று போகிறதென்றால் விகிதம் 13.4 ஆகிவிடும். மெதுவாகப் போகும்போது 13.4 செழிப்பான கலவைதான். பூஸ்டில் அதுவே பெட்ரோல் பஞ்சம்: வெப்பம் எகிறும், கலவை தானாகவே வெடிக்கும் நாக்கிங் வரும், பிஸ்டன் உடையும். ஆக்ஸிஜன் சென்சார் காப்பாற்றாதா என்றால், முழு ஆக்ஸிலரேட்டரில் அந்தக் கால ஈசியூ அதன் பேச்சைக் கேட்பதில்லை.

இதைவிட மோசம் இக்னிஷனில் நடக்கிறது. காற்றின் அளவை ஆர்பிஎம்மால் வகுத்துத்தான் எஞ்சின் மீதுள்ள சுமையை ஈசியூ கணக்கிடுகிறது. காற்று 300இல் நின்று ஆர்பிஎம் மட்டும் ஏறினால் விடை குறையும். எஞ்சினுக்குச் சுமை இறங்கிவிட்டது என்று நம்பி, ஸ்பார்க்கை முன்கூட்டியே விடும். பெட்ரோல் குறையும் அதே நேரத்தில் தீயும் முந்துகிறது. எஞ்சினைத் தீர்த்துக்கட்ட இரண்டில் ஒன்றே போதும்.

நிஸான்காரர்களுக்குக் கைகொடுத்தது இசட்32 ரக 300இசட்எக்ஸ் காரின் 80 மி.மீ. சென்சார். ஜிடி-ஆர் சென்சாரின் 65 மி.மீ. குழாய் 80 ஆனால் பரப்பு ஒன்றரை மடங்கு. அதே கம்பி ஒன்றரை மடங்கு காற்றை அளக்கும். கூடவே ஈசியூ அட்டவணையையும் மாற்றியாக வேண்டும். மாற்றாமல் குழாயை மட்டும் பெரிதாக்கினால் காற்று மூன்றில் ஒரு பங்கு குறைவாகத் தெரியும், தப்பிக்க நினைத்த பஞ்சமே திரும்ப வரும். பெரிய குழாயில் ஐடிலில் காற்று மெதுவாக நகர்வதால் சிக்னல் பலவீனமாகி எஞ்சின் தடுமாறுவதும் உண்டு.

சிலர் சென்சாரையே கழற்றி எறிந்துவிட்டு, இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் அளந்து காற்றைக் கணக்கிடும் முறைக்குப் போனார்கள். காற்றுக்குத் தடை குறையும். கேம்ஷாஃப்ட் மாற்றினால் மறுபடி டியூனிங் செய்ய வேண்டும். அழுத்த சென்சாருக்கும் உச்சவரம்பு இல்லாமலில்லை: 3 பார் வரை அளப்பதை மாட்டினால், வெளிக்காற்றின் 1 பார் போக, 2 பார் பூஸ்டோடு அதன் கணக்கும் முடிந்தது.