கடற்பசுவின் மேய்ச்சல் நிலம்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கும் தமிழகக் கரைக்கும் இடையே பரந்து கிடப்பது பாக்கு விரிகுடா. ஆழம் குறைந்த இக்கடலின் அடிவரை கதிரொளி எட்டுவதால் அங்கே கடற்புல் தழைக்கின்றது. அப்புல்லை மேய்ந்து வாழும் பாலூட்டியே கடற்பசு. மீனவர் இதனை ஆவுளியா என்றும் அழைப்பர். இறைச்சிக்காக வேட்டையாடப்பட்டு இவ்வினம் மிகவும் அருகிவிட்டது.

எஞ்சியவற்றை எண்ணுவது எளிதன்று. மூச்சுவிட மூக்கு நுனியை மட்டும் நீர்மேல் நீட்டிக் கடற்பசு உடனே மறைந்துவிடும். கலங்கிய நீரில் வானூர்தியிலிருந்து நோக்கினும் புலப்படுவது அரிது. ஆதலால் ஆராய்வோர் அதன் தடத்தையே தேடுவர். கடற்பசு புல்லை வேரோடு பறித்துத் தின்பது. அது மேய்ந்த வழி, பசும்புல்லின் நடுவே வெறும் மணற்கோடாக நீளும். அக்கோடு மேய்ச்சலிடத்தைக் காட்டுமேயன்றி எண்ணிக்கையைக் கூறாது. எனவே, கண்டவை, வலையில் அகப்பட்டவை, கரையொதுங்கியவை ஆகியன பற்றி மீனவரிடம் கேட்டறிவர்.

இக்கணக்கு ஏன் வேண்டும்? பெண் கடற்பசு ஓராண்டுக்கு மேல் கருச்சுமந்து ஒரு கன்றே ஈனும். அடுத்த கன்றுக்கு மூன்று முதல் ஏழாண்டுகள் செல்லும். ஆகவே, வலையில் மூச்சடைத்து ஒருசில மாண்டாலும் இழப்பு ஈடாவதில்லை.

இலங்கை 1970ஆம் ஆண்டிலும் இந்தியா 1972ஆம் ஆண்டிலும் இதற்குச் சட்டக் காவல் அளித்தன. தமிழ்நாடு 2022ஆம் ஆண்டில் 448 சதுர கிலோமீற்றர் கடற்பரப்பைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. ஆயினும் மேய்ச்சல் நிலத்துக்கு எல்லைக்கோடு ஏது? இரு கரை மீனவரும் தாம் கண்டதைச் சொல்லி, வலையில் சிக்கியதை அறுத்துவிட்டாலன்றி இவ்வினம் நிலைப்பது அரிது.