சமன்பாட்டில் விடுபட்ட செல்கள்

கணவாயின் தடித்த நரம்பிழையில் மின்துடிப்பு எப்படி ஓடுகிறது என்பதை ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் 1952-இல் நான்கே சமன்பாடுகளில் எழுதிவிட்டார்கள். பிறகு மூளையைக் கணக்கில் அடக்க முயன்றவர்களில் பெரும்பாலோர் நியூரான்களை மட்டுமே எடுத்துக்கொண்டார்கள். மனித மூளையில் நியூரான்கள் சுமார் 8,600 கோடி. கிளையா செல்களும் ஏறக்குறைய அதே அளவுக்கு உண்டு. துடிப்பை எழுப்பாதவை என்பதால், ஊட்டம் கொடுத்துக் கழிவகற்றும் பணியாட்களாகவே அவை பாடநூல்களில் தங்கிவிட்டன.

1990-இல் ஒரு சோதனை இந்த எண்ணத்தைக் கலைத்தது. கிளையாவில் ஒரு வகையான ஆஸ்ட்ரோசைட்டுகளின் மேல் குளூட்டமேட் படும்படி செய்தபோது, அவற்றுக்குள் கால்சியம் அலை எழுந்து செல் விட்டுச் செல் பரவியது. நியூரான்கள் பேசிக்கொள்ளப் பயன்படுத்தும் வேதிப்பொருள்தான் குளூட்டமேட். அப்படியானால் இந்தச் செல்கள் அந்தப் பேச்சைக் கேட்கின்றன!

இந்த அலையைக் கணிதமாக்கியதில் லீ-ரின்செல் மாதிரி (1994) முக்கியமானது. செல்லுக்குள் இருக்கும் சேமிப்பறையிலிருந்து கொஞ்சம் கால்சியம் கசிந்தால் கதவுகள் மேலும் திறக்கும். அளவு மீறினால் மூடிக்கொள்ளும். அதனால் கால்சியம் ஏறி இறங்கி அலைகிறது. நியூரானின் துடிப்பு ஓரிரு மில்லிவிநாடியில் முடிந்துவிட, இந்த அலை அடங்கப் பல விநாடிகள் ஆகும். எலியின் ஒரே ஆஸ்ட்ரோசைட் ஏறத்தாழ ஒரு லட்சம் நரம்பிணைப்புகளைத் தொட்டுக்கொண்டிருப்பதால், ஓர் இணைப்பில் சற்றுமுன் நடந்தது பக்கத்து இணைப்பின் வலிமையை மாற்றக்கூடும். நினைவுக்கு இந்த மந்தம் தேவைப்படுகிறது என்றே தோன்றுகிறது.

ஜான் ஹாப்ஃபீல்டின் 1982 நினைவு மாதிரியில் ஆயிரம் நியூரான்கள் சுமார் 140 நினைவுகளைத்தான் தாங்கும். 2025-இல் கோசச்கோவ், ஸ்லோட்டின், க்ரோடோவ் ஆகியோர் அதில் ஆஸ்ட்ரோசைட்டைச் சேர்த்தார்கள். அதன் கிளைகளுக்கிடையே கால்சியம் செல்லும் வழிகளிலும் நினைவு பதியலாம் என்பது அவர்கள் கருத்து. அப்படிப் பதிந்தால், வலையமைப்பு பெரிதாகப் பெரிதாக ஒவ்வோர் அலகும் தாங்கும் நினைவுகள் கூடிக்கொண்டே போகின்றன.

கணக்கு அழகாக இருப்பதால் மூளை அப்படித்தான் இயங்குகிறது என்றாகிவிடாது. 2010-இல் ஓர் ஆய்வுக்குழு, ஒரேயொரு ஆஸ்ட்ரோசைட்டின் கால்சியத்தை ஏறவிடாமல் பிடித்து நிறுத்தியபோது அருகிலிருந்த இணைப்புகள் வலுப்பெறவில்லை என்றது. அதே ஆண்டில் இன்னொரு குழு, அந்தக் கால்சியம் ஏற்றத்தை மரபணு மாற்றத்தால் இழந்த எலிகளில் இணைப்புகள் வழக்கம்போல வலுப்பெற்றதைக் காட்டியது. இந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

புதிய மாதிரி தன்னையே சோதனைக்கு உட்படுத்துகிறது என்பதுதான் எனக்குப் பிடித்த அம்சம். ஆஸ்ட்ரோசைட்டுக்குள் கால்சியம் பரவுவதைத் தடுத்தால், பதிந்த நினைவை மீட்பது கணிசமாகக் குலைய வேண்டும். குலையாவிட்டால் மாதிரி தவறு.